எட்டு வருஷ வாரண்டி

வடக்குப்பட்டு கங்காவுக்குப் பேட்டரி வேன் ஓட்டும் வேலை கிடைத்தபோது, அந்த வேனுக்கு உடம்புக்கு முடியாமல் போகக்கூடும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அதற்கு முன் பல வருஷம் அவள் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டியவள். ஆட்டோ மக்கர் செய்தால் இறங்கி ஓர் உதை கொடுப்பாள், அது ஓடும். வல்லம் வடகாலில் கார்களுக்கு வயர் கட்டுகள் செய்துகொடுக்கும் கம்பெனி ஒன்று, ஷிஃப்டுக்கு வரும் பெண்களை ஏற்றி இறக்க மின்சார வேன் ஒன்று வாங்கியது. அதை ஓட்டப் பெண் ஓட்டுநர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. பி.எஃப். உண்டு, யூனிஃபார்ம் உண்டு. கங்கா ஆட்டோவை விற்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். வேனின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்குப் பச்சை இலை ஒன்று வரைந்திருந்தது. அதன் முன்னால் நின்று கணவன் தணிகாசலத்தோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. ஒரகடம் சாலையில் ஃபாஸ்ட் சார்ஜிங் சென்டர் ஒன்று உண்டு. அங்கே வேனைச் செருகிவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் தெம்பாகிவிடும். ஓட்டுநர்கள் காத்திருக்கக் கண்ணாடிக் கதவு போட்ட ஏசி அறையும் சோபாவும் இருந்தன. கங்கா ஒரு டீ குடித்துவிட்டுக் காலை நீட்டிக்கொள்வாள்.

அப்புறம் வேனைத் தயாரித்தவர்களிடமிருந்து பரிசோதனை அறிக்கை வந்தது. பேட்டரியின் ஆரோக்கியம் தொண்ணூற்று நான்கு சதவீதம் என்று அதில் இருந்தது. ஒரு வருஷம் ஓடிய பேட்டரிக்கு இது சாதாரணம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். கங்காவின் கம்பெனியில் சின்ன எழுத்தைப் படிக்கும் வழக்கம் கிடையாது.

அதே வாரம் நிதி மேலாளர் வாசுதேவும் ஒன்றைக் கண்டுபிடித்தார். வெளியே ஃபாஸ்ட் சார்ஜிங்கில் வாங்கும் மின்சாரத்தின் விலை, கம்பெனிக்குள் வரும் மின்சாரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டு துயரங்களும் ஒரே மீட்டிங்கில் சந்தித்துக்கொண்டன. பேட்டரி நலப் பிரிவு என்று ஒரு புதிய இலாகா பிறந்தது.

அதற்குத் தலைவராக வந்தவர் ஜனார்தன். அதுவரை கம்பெனியின் புல்தரையையும் தீயணைப்பு வாளிகளையும் கவனித்து வந்தவர். பொறுப்பேற்ற அன்றே கங்காவையும் சூப்பர்வைசர்களையும் கேன்டீனில் கூட்டிப் பேசினார். அவர் பேசி முடிக்கும்வரை சாப்பிட வந்த பெண்கள் தட்டோடு வெளியே நின்றார்கள்.

"பேட்டரிங்கிறது ஒரு உயிர் மாதிரி," என்றார் ஜனார்தன். "அவசர அவசரமா அதுக்கு ஊட்டினா உள்ளே சூடாகும். தினமும் அப்படியே ஊட்டினா ஆயுசு தேயும். நின்னுக்கிட்டே அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடுற மனுஷன் கதி என்ன ஆகுது, யோசிச்சுப் பாருங்க. மெதுவா, நிதானமா, மரியாதையா ஏத்தணும்."

"மெதுவா ஏத்தினா ரேட்டும் கம்மி," என்றார் பக்கத்தில் இருந்த வாசுதேவ்.

"அன்பும் சிக்கனமும் ஒரே இடத்துல சேர்றது அபூர்வம். நம்ம கம்பெனியில சேர்ந்திருக்கு," என்று ஜனார்தன் முடித்தார். தட்டோடு நின்றவர்கள் அதற்குள் மணி அடித்துவிட்டதால் லைனுக்குத் திரும்பிப் போனார்கள்.

விதிகள் வந்தன. பேட்டரி இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது, எண்பதுக்கு மேலே ஏறக்கூடாது. கம்பெனிக்குள் இருக்கும் சாதா பிளக்கில்தான் சார்ஜ் போட வேண்டும். அதற்கு எட்டு மணி நேரம் பிடிக்கும். ஃபாஸ்ட் சார்ஜ் போட்டே ஆக வேண்டுமென்றால் மூன்று அதிகாரிகள் கையெழுத்திட்ட அனுமதி வேண்டும். இதே நாளில் போக்குவரத்துப் பிரிவிலிருந்தும் ஒரு சுற்றறிக்கை வந்தது. வேன் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் அதில் வந்த எல்லாருக்கும் அரை நாள் சம்பளம் போகும்.

கங்கா ஜனார்தனைத் தேடிப் போனாள்.

"சார், ஒரு ஷிஃப்ட எறக்கிட்டு அடுத்த ஷிஃப்ட ஏத்தறதுக்கு நடுவுல மூணு மணி நேரம்தான் வண்டி சும்மா கீது. எட்டு மணி நேரம் எப்ப சார் போடறது?"

"அதைத்தான் நீ பிளான் பண்ணணும்."

"மூணுக்குள்ள எட்ட எப்டி சார் பிளான் பண்றது?"

"அதாம்மா ஓட்டுநர் திறமை."

கங்கா வெளியே வந்து வேனின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். தனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று அவள் மெய்யாகவே நினைத்தாள். யூனிஃபார்ம் கொடுத்த கம்பெனி தப்பாகச் சொல்லுமா?

சார்ஜைச் சேமிக்க அவள் முதலில் வேனின் ஏசியை நிறுத்தினாள். பிறகு வேகத்தைக் குறைத்தாள். கன்டெய்னர் லாரிகள் பின்னால் வந்து ஹாரன் அடித்து, பக்கத்தில் வந்து கெட்ட வார்த்தையில் விசாரித்துவிட்டுப் போயின. அதுவும் போதவில்லை என்று தெரிந்ததும் ஜனார்தனே ஒரு நாள் மடியில் லேப்டாப்போடு முன்சீட்டில் ஏறி வந்தார். ஒரகடம் மேம்பாலம் ஏறும்போது பேட்டரி மளமளவென்று இறங்குவதை அவர் பார்த்துவிட்டார்.

மறுநாள் முதல் மேம்பாலத்தின் அடியில் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும், வேன் காலியாக ஏற வேண்டும் என்று உத்தரவு வந்தது. அடுத்த வாரம் இன்னொன்றையும் அவர் கண்டுபிடித்தார். இறக்கத்தில் போகும்போது சக்கரம் சுற்றுவதால் பேட்டரிக்குக் கொஞ்சம் சார்ஜ் திரும்ப வருகிறது. வண்டியில் எடை கூடக் கூட வரவும் கூடுகிறது. ஆகவே பாலத்தின் உச்சி வரை நடந்து வந்தவர்கள் அங்கே ஏறிக்கொள்ள வேண்டும்.

"ஏத்தத்துல நீங்க சுமை, எறக்கத்துல நீங்க சொத்து," என்று ஜனார்தன் அவர்களுக்கு விளக்கினார்.

மணிமங்கலத்திலிருந்து வரும் இசைவாணிதான் வேனில் வாய் ஓயாதவள். டிபன் பையைத் தலையில் வைத்துக்கொண்டு பாலம் ஏறி வந்தவள் ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "கங்காக்கா, நாங்க வேன்ல போறமா, இல்ல வேன நாங்க இட்டுகினு போறமா?"

கங்காவுக்கும் அது நிச்சயமாகத் தெரியவில்லை.

கோடை வந்தது. பேட்டரிக்கு வெயில் ஆகாது என்று ஜனார்தன் எழுதினார். கம்பெனி முற்றத்தைப் பார்த்தபடி ஏசி போட்ட அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது: முதலுதவி அறை. சுவரை இடித்து ஷட்டர் வைத்து, வேன் உள்ளே போகும்படி செய்தார்கள். முதலுதவிக் கட்டில் மாடிப்படிக்குக் கீழே போயிற்று. நெற்றிக்கு நேரே நீட்டிக் காய்ச்சல் பார்க்கும் கருவி ஒன்று அறையில் இருந்தது. அதை வேனின் அடிவயிற்றுக்கு நேரே நீட்டி மணிக்கு ஒருமுறை பார்க்க ஓர் ஆள் போட்டார்கள். இதற்கெல்லாம் ஆன செலவு பேட்டரி விலையை எட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அது கட்டடப் பராமரிப்பு என்ற வேறு தலைப்பில் வந்ததால் வாசுதேவுக்கு அதில் வருத்தம் இல்லை.

சித்திரை மாதப் பிற்பகல் ஒன்றில் இசைவாணி லைனில் வேலை செய்துகொண்டிருந்தபடியே சரிந்து விழுந்தாள். நான்கு பேர் தூக்கிக்கொண்டு முதலுதவி அறைக்கு ஓடினார்கள். உள்ளே குளுகுளுவென்று வேன் நின்றுகொண்டிருந்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த கட்டிலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவளைத் தரையில் படுக்க வைத்து அட்டையால் விசிறினார்கள்.

"நூத்தியெட்டுக்கு போன் போடுங்கப்பா," என்றாள் அங்கே வந்த கங்கா.

சூப்பர்வைசர் அருள்பாண்டி கையைப் பிசைந்தான். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், பயந்த சுபாவம். "நூத்தியெட்டு கேட்டுக்குள்ள வந்துட்டுன்னா விபத்துன்னு எழுதணும்க்கா. வாசல்ல விபத்தில்லா நாட்கள்னு போர்டு வச்சிருக்காங்கல்லா, அது சைபருக்குப் போயிரும். அதோட என் சோலி முடிஞ்சுது. நீங்க வேன்ல கூட்டிட்டுப் போயிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வேனில் இருபத்தாறு சதவீதம்தான் இருந்தது. கங்கா யோசிக்கவில்லை. இசைவாணியை ஏற்றிக்கொண்டு, பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக ஏசியைப் போட்டுக்கொண்டு, மேம்பாலத்தில் யாரையும் இறக்காமல் ஏறி இறங்கி, ஸ்ரீபெரும்புதூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் என்றார். குளுக்கோஸ் ஏற்றினார். "தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று கேட்டார்.

"குடிச்சா பாத்ரூம் வரும் டாக்டர். லைன விட்டுப் போவ முடியாது," என்றாள் இசைவாணி.

வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் படுக்க வையுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். வீடு மணிமங்கலத்தில், வேனில் மிச்சம் பதினான்கு சதவீதம். கங்கா ஜனார்தனுக்கு போன் செய்து ஃபாஸ்ட் சார்ஜுக்கு அனுமதி கேட்டாள். மூன்று கையெழுத்தில் ஒருவர் லீவில் இருப்பதாகவும், திங்கட்கிழமை வந்துவிடுவார் என்றும், அதுவரை வண்டியை நிழலில் நிறுத்தும்படியும் அவர் சொன்னார். கங்கா திரும்பிப் பார்த்தாள். இசைவாணி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். வேன் நேராகச் சார்ஜிங் சென்டருக்குப் போயிற்று.

எண்பது வந்ததும் பிடுங்கிவிட வேண்டும் என்றுதான் கங்கா நினைத்திருந்தாள். அது சத்தியம். ஆனால் அவள் விடியற்காலையில் எழுந்தவள். அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சோபாவில் இசைவாணி படுத்துக்கொண்டாள், இன்னொன்றில் கங்கா உட்கார்ந்தாள். சென்டர் ஆள் வந்து கண்ணாடியைத் தட்டியபோது பேட்டரி தொண்ணூற்றெட்டில் நின்றது.

எழுந்ததும் கங்காவுக்கு பயம் வரவில்லை, பசிதான் வந்தது. இருவரும் ஆளுக்கொரு பன்னும் டீயும் சாப்பிட்டார்கள். "இன்னாக்கா இப்டி தூங்கிட்ட," என்றாள் இசைவாணி. அவள் முகம் தெளிந்திருந்தது. அவர்கள் மணிமங்கலம் போய்ச் சேருவதற்குள் வேன் தானாகவே ஜனார்தனின் போனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தது.

விசாரணைக் குழுவுக்குத் தலைவர் மனிதவளப் பொது மேலாளர் லக்ஷ்மிநரசிம்மன். மென்மையாகப் பேசுபவர். ஆளை வேலையிலிருந்து எடுக்கும்போதும் முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் எடுப்பார். அவருக்கு இரு பக்கமும் ஜனார்தனும் வாசுதேவும் உட்கார்ந்திருந்தார்கள். கங்காவுக்கும் தண்ணீர் வந்தது. அவள் அதைத் தொடவில்லை.

ஜனார்தன் குற்றங்களை வாசித்தார். இருபதுக்குக் கீழே இறக்கியது, எண்பதுக்கு மேலே ஏற்றியது, அனுமதியின்றி விரைவாக ஏற்றியது.

"அன்னிக்குப் பேட்டரி எவ்வளவு சூடா இருந்துச்சு, தெரியுமா உனக்கு?" என்று கேட்டார்.

"தெர்யாது சார். இசைவாணிக்கு நூத்தி மூணு."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு."

லக்ஷ்மிநரசிம்மன் கையைத் தூக்கி அவரை அமர்த்தினார். நியாயம் பார்க்க வேண்டும் அல்லவா. "அந்தப் பொண்ணோட காய்ச்சல் நம்ம ரெக்கார்டுல இருக்கா ஜனார்தன்?"

"இல்ல சார். காய்ச்சல் பாக்குற கருவி பேட்டரிகிட்ட இருக்கு."

"அப்ப அத எழுத வழியில்லையே," என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

வாசுதேவ் ஒரு தாளைப் பார்த்துப் பேசினார். "சார்ஜுக்கு ஆன செலவு போகட்டும். பதினாலுலேருந்து தொண்ணூத்தெட்டுக்கு ஒரே மூச்சுல ஏத்தினதுல பேட்டரி ஆயுசு கொஞ்சம் தேஞ்சிருக்கு. பேட்டரி போச்சுன்னா மாத்தறதுக்கு வேன் விலையில பாதி ஆகும். அது யார் தலையில?"

"அந்தப் பொண்ணுக்கு எதுனா ஆயிருந்தா சார்?" என்றாள் கங்கா.

"அதுல நமக்குச் செலவு இல்லம்மா. காண்ட்ராக்டர் மறுநாளே வேற ஆள அனுப்பிடுவாரு. அக்ரிமெண்ட்லயே இருக்கு." அவர் கெட்ட எண்ணத்தோடு இதைச் சொல்லவில்லை. கணக்குத் தெரிந்தவர் தெரியாதவருக்கு எடுத்துச் சொல்லும் கனிவோடுதான் சொன்னார்.

கங்கா அவர் முகத்தையே பார்த்தாள். இத்தனை நாள் தனக்குப் புரியாமல் இருந்தது அந்த நிமிஷம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

சாட்சியாக இசைவாணியைக் கூப்பிட்டார்கள். என்ன நடந்தது என்று கேட்டதற்கு அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்ல வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்கு, இருக்கிறது என்றாள்.

"எங்களயும் பேட்டரின்னு எழுதிக்கோங்க சார். சூடாச்சுன்னா அத ஏசில வெக்கிறீங்க. எறங்கிப் போச்சுன்னா ஓட்டாதன்றீங்க. அவசரமா ஊட்டாத, பொறுமையா ஊட்டுன்றீங்க. நாங்களுந்தான் சூடாவறோம்."

இதற்கு என்ன நடக்குமோ என்று வாசலில் நின்ற அருள்பாண்டி கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் லக்ஷ்மிநரசிம்மன் பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். தொழிலாளர் நலனுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு புதிய யோசனை அனுப்ப வேண்டும் என்று தலைமை அலுவலகம் அவரை நச்சரித்துக்கொண்டிருந்தது. "நல்ல சஜஷன். ஒரு துணைக் குழு போட்டு ஆராய்வோம்," என்றார். இன்னொரு முறை ஃபாஸ்ட் சார்ஜ் போட்டால் வேலை போய்விடும் என்ற இறுதி எச்சரிக்கையைக் கங்காவிடம் கொடுத்து, விசாரணையை முடித்தார்.

துணைக் குழு ஒரு மாதம் ஆராய்ந்தது. அறிக்கையை லக்ஷ்மிநரசிம்மனே கேன்டீனில் எல்லார் முன்னாலும் வாசித்தார்.

"தொழிலாளர்கள ஏன் பேட்டரிக்குச் சமமா நடத்தக்கூடாது? இந்தக் கேள்விய நாங்க தெறந்த மனசோட எடுத்துக்கிட்டோம். வேகமா சார்ஜ் பண்றதால வர்ற தேய்மானம் வெளிய தெரிய நாலஞ்சு வருஷம் ஆகும். பேட்டரிக்கு எட்டு வருஷம் வாரண்டி. அதனால அது விஷயத்துல நாம ஜாக்கிரதையா இருக்க வேண்டியிருக்கு. உங்க காண்ட்ராக்ட் பதினோரு மாசம். பதினோரு மாசத்துல எந்தத் தேய்மானமும் தெரிய வாய்ப்பே இல்ல. ஆகவே உங்களுக்கு ஃபாஸ்ட் சார்ஜிங் முழுக்கப் பாதுகாப்பானதுன்னு குழு மகிழ்ச்சியோட முடிவு பண்ணியிருக்கு. நாளையிலேருந்து சாப்பாட்டு நேரம் அரை மணிக்குப் பதிலா கால் மணி."

சூப்பர்வைசர்கள் சைகை காட்டியதால் சிலர் கை தட்டினார்கள்.

மறுநாள் கால் மணி முடிந்து மணி அடித்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அருள்பாண்டி மேஜை மேஜையாகப் போய்க் கெஞ்சினான். "யம்மா, எந்திரிங்கம்மா. மேல இருந்து பாத்துக்கிட்டு இருக்காங்க."

"வேகமா துன்னா உள்ள சூடாயிடும்ணா. உங்க சாரு சொன்னதுதான்," என்று இசைவாணி நிதானமாக ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள். அரை மணி முடிந்த பிறகுதான் எல்லாரும் தட்டைக் கழுவினார்கள். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வயர் போய்ச் சேராமல் கார் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியவர் மென்மையாகப் பேசவில்லை.

அந்தக் கம்பெனியில் போட்ட உத்தரவை வாபஸ் வாங்கும் வழக்கம் இல்லை. தப்பு செய்தது போல் ஆகிவிடும். ஆகவே லக்ஷ்மிநரசிம்மன் புதிய உத்தரவு ஒன்று போட்டார். தொழிலாளர் நலன் கருதி சாப்பாட்டு நேரம் கால் மணியிலிருந்து அரை மணியாக உயர்த்தப்படுகிறது. தலைமை அலுவலகத்துக்குப் போன அறிக்கையில் இது நூறு சதவீத உயர்வு என்று இருந்தது. அவர்கள் அதை ஒரு தொழில் கூட்டமைப்புக்கு அனுப்பினார்கள். ஒரே ஆண்டில் உணவு நேரத்தை இரு மடங்காக்கிய கம்பெனி என்று கூட்டமைப்பு விருது அறிவித்தது.

விருது விழா கிண்டியில் ஒரு பெரிய ஹோட்டலில். பச்சை இலை வேனிலேயே போய் இறங்கினால் போட்டோ நன்றாக வரும் என்று ஜனார்தன் சொன்னார். கோட்டு போட்டுக்கொண்டு மூன்று பேரும் ஏறினார்கள். சார்ஜ் பாதியளவுதான் இருந்தது. சாதா பிளக்கில் அதற்குமேல் ஏற நேரம் இல்லை. கோட்டு போட்டிருந்ததால் ஏசியை முழுசாக வைக்கச் சொன்னார்கள். இருங்காட்டுக்கோட்டை அருகே ஒரு கன்டெய்னர் கவிழ்ந்து கிடந்தது. வண்டிகள் நகரவில்லை, ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பூந்தமல்லி வரும்போது கங்கா வேனை ஓரம் கட்டி நிறுத்தினாள்.

"இருபது ஆயிடுச்சு சார்."

"இங்க பக்கத்துல ஃபாஸ்ட் சார்ஜர் இல்லையா?" என்றார் லக்ஷ்மிநரசிம்மன்.

"தோ, எதிர்லயே கீது. ஆனா நான் போட மாட்டேன். இன்னொருவாட்டி போட்டா வேலை போய்டும்னு நீங்கதான் ஆர்டர் குடுத்தீங்க."

"நான்தானே இப்ப போடச் சொல்றேன்."

"மூணு கையெழுத்து வேணும் சார்."

கையெழுத்துப் போட வேண்டிய மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் வேனுக்குள்ளேயே அவசரக் கூட்டம் கூடியது. கொள்கையளவில் தனக்கு இதில் சம்மதம் இல்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்றார் ஜனார்தன். எந்தச் செலவுத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டார் வாசுதேவ். விருது தொழிலாளர் நலனுக்காகத் தருவதால் தொழிலாளர் நலன் என்றே எழுதலாம் என்றார் தலைவர். வேகமாகச் சார்ஜ் ஏற்றுவதில் உள்ள ஆபத்துகளைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை, அவசரத்துக்கு ஒருமுறை போட்டால் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது என்று சின்ன எழுத்தில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள் என்று ஜனார்தன் ஒப்புக்கொண்டார். அழைப்பிதழ்க் கவரின் பின்பக்கம் அனுமதி எழுதி மூவரும் கையெழுத்திட்டார்கள்.

கங்கா வேனைச் செருகிவிட்டு நிமிர்ந்தபோது அவள் போன் ஒலித்தது. அனுமதியின்றி விரைவு சார்ஜ் செய்ததால் அவள்மீது பணிநீக்க நடவடிக்கை தொடங்கிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. கண்ணாடி அறைக்குள் சோபாவில் இருந்த ஜனார்தனிடம் அதைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"சிஸ்டம் கரெக்டா வேலை செய்யுது," என்றார் பெருமையோடு.

"இப்ப நான் இன்னா சார் பண்றது?"

"திங்கக்கிழமை விசாரணைக்கு வா. நாங்க மூணு பேரும் இருப்போம். அந்தக் கவரை ஆதாரமா குடு. அதுல இருக்கறது எங்க கையெழுத்துதானான்னு சரிபார்த்து முடிவு பண்றோம். அதுக்குன்னு ஒரு நடைமுறை இருக்கு."

லக்ஷ்மிநரசிம்மன் ஆமாம் என்று தலையசைத்தார். வாசுதேவ் கடிகாரத்தைப் பார்த்தார்.

கங்காவுக்குக் கோபம் வரும் என்றுதான் அவளே எதிர்பார்த்தாள். வந்தது சிரிப்பு. அதை அடக்கிக்கொண்டு வேனின் சாவியை எடுத்து அவர்கள் முன்னால் இருந்த மேஜையில் வைத்தாள்.

"அப்ப அதுவரைக்கும் நான் வண்டியத் தொடக்கூடாது சார். நடவடிக்கைல கீற ஆளு." துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு சாலையைக் கடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனாள்.

லக்ஷ்மிநரசிம்மனுக்கு எப்போதும் டிரைவர்தான். வாசுதேவ் பெட்ரோல் செலவுக்குப் பயந்து ஓட்டவே கற்றுக்கொள்ளாதவர். பேட்டரியைப் பற்றி எல்லாம் தெரிந்த ஜனார்தன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கியரைத் தேடினார். அந்த வேனுக்குக் கியர் கிடையாது. கால் டாக்ஸி பிடித்து அவர்கள் கிண்டி போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விருதை ஹோட்டல் ஆள் ஒருவர் உள்ளேயிருந்து எடுத்து வந்து கொடுத்தார். அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாளே கங்கா படப்பையில் ஒரு பள்ளிக்கூட வேனில் சேர்ந்தாள். டீசல் வண்டிதான், யூனிஃபார்ம் கிடையாது. பூந்தமல்லியிலேயே நின்ற பச்சை இலை வேனைக் கூட்டி வர ஆள் தேடிக் கம்பெனி விளம்பரம் கொடுத்தது. விசாரித்துக்கொண்டு வந்த பெண்கள் எல்லாரும் முதலில் கங்காவிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள். பிறகு கம்பெனிப் பக்கம் போகவில்லை.

திங்கட்கிழமை காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு அவள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. லக்ஷ்மிநரசிம்மன்தான், மென்மையாகப் பேசினார்.

"கங்கா, கமிட்டி காத்துக்கிட்டு இருக்கு. நீ வந்தாதானே விசாரணைய ஆரம்பிக்க முடியும்."

"வரேன் சார். வேன அனுப்புங்க," என்றாள் கங்கா.

அந்தப் பக்கம் போனைக் கையால் மூடிக்கொண்டு அவர் யாரிடமோ வேன் எங்கே என்று கேட்பது கேட்டது.